ஆச்சியின் காகித எழுத்துக்கள்

விஜயதசமியன்று தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, குழந்தையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோமே, அந்த ஒரு நாள் எழுத்துக்குக் குழந்தைகள் அஞ்சுவதில்லை. அரிசி குளுகுளுவென்றிருக்கிறது, விரல் போன வழியில் பள்ளம் விழுகிறது, துழாவினால் அழிந்து போகிறது, முடிவில் வாயில் சர்க்கரையும் விழுகிறது. அழுகையெல்லாம் அதற்குப் பிறகு, பென்ஸிலும் கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் வீட்டுக்குள் வந்த பின்புதான் ஆரம்பமாகிறது.

நம் வீட்டுக் கடைக்குட்டிக்கு அப்படித்தான் நேர்ந்தது. மூன்றரை வயதில் அவளை ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்தோம். தினம் இரண்டு பக்கம் 'அ' எழுதி வரவேண்டும் என்பது அங்கே விதி. முதல் வாரம் எழுதினாள். இரண்டாம் வாரம் எழுத்து கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஓடியது. மூன்றாம் வாரம் பென்ஸிலைக் கண்டாலே இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இருபது வருஷமாகப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணம் போதித்து வருகிற நமக்கு இது பெரிய மானக்கேடாகத் தோன்றியது. ஒரு நாள் இரவு பொறுமை இழந்து, அவள் கையைப் பற்றி, நம் கைக்குள் வைத்து அழுத்தி, ஒரு பக்கம் முழுவதும் எழுத வைத்தோம். "கை வலிக்குப்பா" என்று அவள் சொன்னது நம் காதில் விழுந்தது. விழுந்தும் நிறுத்தவில்லை. உபாத்தியாயர் பட்டம் பெற்ற ஒருவர் இதை எழுத வெட்கப்படத்தான் வேண்டும்.

மறுநாள் முதல் சுவரில் இருந்த அரிச்சுவடிப் படத்தைக் கூட அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பருவம் முடியும் வரையில் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று தீர்மானித்து, மேலகரத்தில் இருக்கும் அவள் ஆச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். மேலகரம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் உள்ள ஊர். ஆனி பிறந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் வெயிலும் சாரலும் மாறி மாறி வரும். குழந்தைகள் வாசலில் இறங்கினால் நனைவார்கள்; வீட்டுக்குள் இருந்தால் வீட்டைத் தலைகீழாக்குவார்கள். பேத்தியை வீட்டுக்குள் கட்டிப் போடுவதற்காகவே ஆச்சி அந்தக் காரியத்தை ஆரம்பித்தாள் என்று நினைக்கிறோம். கல்வி முறை ஏதும் அவள் மனத்தில் இருக்கவில்லை.

கலியாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டு கத்தரித்தாள். நடுவில் ஒரு மடிப்பு மடித்தாள். துண்டு படுக்காமல் விளிம்பின்மேல் நிற்கும்படி தரையில் வைத்தாள். "இந்தா பாரு, சொவரு" என்றாள். குழந்தை சுவரை ஒட்டி விரலை ஓட்டிக்கொண்டு போனாள். மேலிருந்து கீழே வந்தாள், மூலையில் திரும்பி வலப்புறம் போனாள். இரண்டு மூன்று தடவை ஓட்டிய பிறகு ஆச்சி, "இதுதான் ட" என்றாள். அவ்வளவுதான். எழுதச் சொல்லவில்லை.

அந்தத் துண்டில் இன்னொரு மடிப்புப் போட்டதும் 'ப' வந்தது. இன்னும் நீளமான துண்டில் நாலு மடிப்பு மடித்து, நுனியை உள்ளே திருப்பிப் பசை தடவியதும் 'ம' வந்தது. நாம் சனிக்கிழமை போனபோது கூடத்துத் தரை முழுவதும் சின்னச் சின்னச் சுவர்கள் நின்றன. நடுவில் நம் பெண் உட்கார்ந்திருந்தாள். கை முதுகுக்குப் பின்னால் இல்லை.

அப்போதுதான் நமக்கு ஒரு விஷயம் உறைத்தது. 'அ' என்பது ஒலிகளில் முதன்மையானது. தொல்காப்பியர் காலம் தொட்டே அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிகிற முப்பதுதான் நம் முதலெழுத்து வரிசை. ஆனால் அது நாவுக்கும் இலக்கணத்துக்கும் ஏற்ற வரிசை. கைக்கு ஏற்ற வரிசை அன்று. எழுதுகிற கைக்கு 'அ' மிகக் கடினமான எழுத்துக்களில் ஒன்று. ஒரு சுழியில் தொடங்கி, வளைந்து, கீழே வயிறு மாதிரி திரும்பி, குறுக்கே ஓடி, நிமிர்ந்த கோட்டில் முடிகிறது. 'இ' அதைவிடப் பொல்லாதது. 'ட' வோ இரண்டே கோடு. மூன்று வயதுக் குழந்தையின் மணிக்கட்டு எலும்புகள்கூட முழுவதும் கெட்டிப்படுவதற்கு இன்னும் பல வருஷம் இருக்கின்றன. அந்தக் கையில் பென்ஸிலைக் கொடுத்து, நாலு கோட்டுக்குள் சுழியும் வளைவும் போடு என்கிறோம்.

இதை முன்பே கண்டுகொண்டவர்கள் உண்டு. 1990-களில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறியாத பெரியவர்களுக்குக் கற்பித்தபோது அகரத்தில் ஆரம்பிக்கவில்லை. 'பட்டா', 'படி' என்ற சொற்களில் ஆரம்பித்தார்கள். வயலில் காய்ப்பேறிய கைக்கும் பிஞ்சுக் கைக்கும் நேர்கோடுதான் முதலில் வசப்படுகிறது போலும்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதினார்கள். சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் நிர்வகித்து வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைக் கண்டு, அதையே தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் பரவியது. நம்முடையது கடல் கடந்து போய் மதிப்புப் பெற்றது. நாமோ திண்ணையையும் மணலையும் கைவிட்டு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். ஆச்சிகூட ஒன்றாம் வகுப்பில் மணலில் எழுதியவள்தான். விரல் நுனி எரியும்படி எழுத வைத்த வாத்தியார்களும் உண்டு என்று அவள் சொன்னதையும் இங்கே குறித்துவிடுவது நியாயம். மணலிலும் கொடுமை செய்யலாம், காகிதத்திலும் செய்யலாம்.

நிற்க. காகிதத்தைக் குழந்தையின் கல்விக்குக் கருவியாக்கிய பெருமை ஜெர்மானியரான பிரெடெரிக் பிரோபெலைச் சேரும். 1840-ல் 'கிண்டர்கார்ட்டன்' என்று தம் பள்ளிக்குப் பெயரிட்ட அவர், காகிதம் மடித்தல், கத்தரித்தல், பாய் போல் பின்னுதல் ஆகியவற்றைக் குழந்தைகளின் தொழில்களாக வகுத்தார். இத்தாலியப் பெண் டாக்டரான மரியா மாண்டிஸோரி 1907-ல் ரோமாபுரியில் ஏழைக் குழந்தைகளுக்காகத் திறந்த இல்லத்தில், உப்புத்தாளை எழுத்து வடிவில் கத்தரித்து அட்டையில் ஒட்டி, விரலால் தடவச் செய்தார். அவர் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் தங்கினார். கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால் அறியட்டும் என்பது அவருடைய கொள்கை. உப்புத்தாளுக்கு நாம் எங்கும் அலையவில்லை. தடித்த அட்டையில் பசையால் 'ட' எழுதி, குற்றாலத்து மலையிலிருந்து நம் ஊர் வழியாக ஓடும் சிற்றாற்றின் பொடி மணலை அதன்மேல் தூவினோம். காய்ந்ததும் தட்டிவிட்டால் எழுத்து மட்டும் சொரசொரவென்று நின்றது. மணல் இல்லாதவர்கள் ரவையைத் தூவலாம்; எறும்பு வரும், அவ்வளவுதான்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிற தாய்மார்களுக்காகச் சில விவரங்கள். காகிதம் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கலியாணப் பத்திரிகை அட்டை எழுத்து மடிக்க உத்தமமானது. சிவகாசியில் அச்சாகி வருஷந்தோறும் வீடுவீடாக வந்து சேரும் மாதக் காலண்டரின் தாள் அதற்கு அடுத்தது. பழைய செய்தித்தாள் கிழிப்பதற்கு. ஆம், கிழிப்பதற்குத்தான். மூன்று வயதில் கத்தரி வேண்டாம். தாளை மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்து, கோணாமல் கிழிக்கக் கற்றுக்கொடுங்கள். பென்ஸில் பிடிக்கப் போகும் அதே மூன்று விரல்களுக்கு இதைவிட நல்ல தேகப்பயிற்சி கிடையாது. நாலு வயதுக்கு மேல், நுனி மழுங்கிய கத்தரியைப் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது கொடுக்கலாம். பசைக்கு மைதாவையோ சோற்றுக் கஞ்சியையோ அன்றன்றைக்கு வேண்டிய மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள். பூச்சி அரிக்காதிருக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் அதில் மயில் துத்தம் கலப்பதுண்டு, அது விஷம். வாயில் விரல் வைக்கும் குழந்தை இருக்கிற வீட்டில் அதைக் கனவிலும் சேர்க்கக் கூடாது.

துண்டின் ஒரு பக்கம் மட்டும் நிறமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுவது நல்லது. இல்லாவிட்டால், படுக்க வைத்து ஒட்டும்போது குழந்தை 'ட' வைப் புறம் மாற்றி ஒட்டிவிட்டு, அதுவும் 'ட' தானே என்று வாதாடும். நிறம் மேலே இருக்கவேண்டும் என்றால் விவாதம் இல்லை. இங்கிலீஷ் எழுத்துக்களில் 'பி'யும் 'டி'யும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்தது போல் இருந்து குழந்தைகளை ஏமாற்றும். தமிழில் அந்தத் தொல்லை வெகு குறைவு.

மூன்று எழுத்து வந்ததுமே சொல்லுக்குப் போய்விட வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டுமே என்று நாம் யோசித்தோம். நம் மனைவி தம் ஒட்டுப் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து 'ம' வின் தலையில் ஒட்டினாள். 'ம்' ஆயிற்று. படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் அன்று மாலைக்குள் வந்தன. 'ப' வைக் கவிழ்த்து ஒடுக்கினால் துணைக்கால். அது வந்ததும் பாடம், மாடம், மாமா, பாப்பா. மூன்று எழுத்து, ஒரு கால், ஒரு பொட்டு, இவற்றுக்குள் இத்தனை சொல் இருப்பது தமிழாசிரியரான நமக்கே புதிதாக இருந்தது. காலின் அடியில் ஒரு சின்னச் சரிவு சேர்த்தால் 'ர'. குற்றாலத்துப் பருவகாலச் சந்தையில் வாங்கிய ரம்புத்தான் பழத்தை அதன் பக்கத்தில் வைத்தோம். பழம் ஒரு நிமிஷம்கூட அங்கே இருக்கவில்லை.

வளைந்த எழுத்துக்களுக்கு அட்டை உதவாது. மெல்லிய தாள் நாடாவைப் பென்ஸிலின்மேல் சுற்றி உருவினால் சுருள் கிடைக்கும். பென்ஸிலுக்கு அந்த வீட்டில் முதன்முதலாகக் கிடைத்த உபயோகம் இதுதான்! இரண்டு சுருள் சேர்த்து ஒட்டி, முடிவில் நிமிர்ந்த துண்டு ஒன்று வைத்தால் றன்னகரம். மூன்று சுருள் வைத்தால் டண்ணகரம். மேல் வகுப்பில்கூட இந்த இரண்டையும் குழப்புகிற பிள்ளைகளை நாம் வருஷந்தோறும் பார்க்கிறோம். சுருளை ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் கையால் சுற்றி ஒட்டிய குழந்தை அவ்வளவு எளிதில் மறக்காது.

உயிர்மெய் வரிசை வந்ததும் பெற்றோர்கள் மலைத்துப் போகிறார்கள். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தா! நாம் ஒரு சீட்டுச் செய்தோம். அட்டையில் இரண்டு கீறல் போட்டு, அதன் வழியாக மேலும் கீழும் இழுக்கும்படி ஒரு நாடாவைச் செருகினோம். நாடாவில் க, ச, ட, த, ப, ம என்று எழுதி, அட்டையில் பக்கத்தில் துணைக்கால் ஒட்டினோம். நாடாவை இழுக்க இழுக்கக் கா, சா, டா, தா என்று வரும். காலை எடுத்துவிட்டு முன்னால் ஒற்றைக்கொம்பை ஒட்டினால் கெ, செ, டெ. நம் தகப்பனார் காலத்தில் இந்தச் சீட்டு ணகரத்திலும் றகரத்திலும் னகரத்திலும் சிக்கிக்கொண்டிருக்கும். ணா, றா, னா, லை, னை முதலான பதின்மூன்று எழுத்துக்களுக்குத் தனி உருவம் இருந்தது. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' பத்திரிகையில் வழங்கிவந்த சீர்திருத்த வடிவை 1978-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டதனால், ஒரே கால் எல்லா எழுத்துக்கும் பொருந்துகிறது. சீர்திருத்தத்தைப் பற்றிப் பெரியவர்கள் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறார்கள். குழந்தையின் காகிதச் சீட்டுக்கு அதனால் லாபமே. உகர வரிசை மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அவற்றைத் தனித்தனியாகச் செய்ய வேண்டியதுதான். குறுக்கு வழி கிடையாது.

எழுத்தை எப்படி அழைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். முன்பெல்லாம் ஆனா, ஆவன்னா, கானா, பானா என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படிப் படித்த குழந்தை 'படம்' என்ற சொல்லைப் 'பானா, டானா, இம்மன்னா' என்று கூட்டிவிட்டுத் திருதிருவென்று விழிக்கும். எழுத்தின் பெயர் வேண்டாம், ஒலி போதும். குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், கவியைக் காதால் அநுபவிக்க வேண்டும் என்று தம்மிடம் வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக்காட்டியவர். கவிக்குப் பொருந்துவது அரிச்சுவடிக்கும் பொருந்தும் என்றே நமக்குப் படுகிறது. ஆச்சி ஒவ்வொரு மடிப்பின்போதும் அந்த ஒலியைப் பாட்டு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் எழுத்து ஆடிப் பாடுகிற படங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். அங்கே ஆடுவது எழுத்துத்தான்; குழந்தையின் விரல் சும்மா இருக்கிறது.

இன்னொரு விஷயம். விருந்தாளி வந்தால், "மாமாவுக்கு எழுத்துச் சொல்லிக் காட்டு" என்று குழந்தையை நிறுத்தி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். நம் பெண் அப்படி ஒரு தடவை நிறுத்தப்பட்டபோது, கைகள் மறுபடியும் முதுகுக்குப் பின்னால் போனதைப் பார்த்தோம். திரும்ப முன்னால் வர மூன்று நாள் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பலத்த சாரல். ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டோம். காலையில் பார்த்தால் காகிதமெல்லாம் நமுத்துத் தொய்ந்து கிடந்தது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது பாதிதான். குழந்தை எழுந்து வந்து பார்த்தால் அழுவாளே என்று நாம் அவசர அவசரமாகப் பொறுக்கத் தொடங்கினோம். அதற்குள் அவளே வந்துவிட்டாள். தரையில் குந்தி, பசை விட்டுப்போன ஒரு துண்டை உற்றுப் பார்த்தாள். "ஆச்சி, ம இருக்குல்லா, அது ப ஆயிட்டு!" என்று கூவினாள்.

உண்மைதான். உள்ளே திரும்பியிருந்த மடிப்பு இரண்டும் ஈரத்தில் விரிந்து, 'ம' இருந்த இடத்தில் வலது கை கொஞ்சம் நீண்ட 'ப' நின்றது. அவள் நுனியை மறுபடி உள்ளே மடித்தாள், 'ம' என்றாள். விரித்தாள், 'ப' என்றாள். காப்பி ஆறும் வரையில் இதையே செய்துகொண்டிருந்தாள். எழுத்துக்களுக்குள் உள்ள உறவை நாம் கரும்பலகையில் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறோம். இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை.

அதற்குப் பிறகு காற்றாடிகள் செய்தோம். நாலு இதழிலும் நாலு எழுத்து. தென்காசி விசுவநாதர் கோவில் கோபுர வாசலில் ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் காற்றை அறியாதவர் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையைக் கடந்து வருவது அது. 1990-ல் குடமுழுக்குக் கண்ட அந்த ராஜகோபுரத்தின் அடியில் நம் பெண்ணும் அவள் சிநேகிதர் மூன்று பேரும் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுற்றும்போது எழுத்து தெரியாது. விரலால் நிறுத்தி எந்த எழுத்து என்று சொல்ல வேண்டும். விளையாட்டின் சட்டத்தை வகுத்தது நாமல்ல, அவர்களே.

பென்ஸிலைப் பற்றி நாம் ஒன்றும் பேசவில்லை. ஆடி மாதம் ஒரு நாள் எல்லோருமாக ஐந்தருவிக்குப் பஸ்ஸில் போனோம். ஜன்னல்களை மூடியிருந்ததால் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருந்தது. குழந்தை ஆச்சி மடியில் நின்றுகொண்டு, ஆள்காட்டி விரலால் அதில் ஏதோ கிறுக்கினாள். மேலிருந்து கீழே, மூலையில் திரும்பி, வலப்புறம். நாம் முன் ஸீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தோம். ப, ட, ம என்று மூன்று எழுத்து, ஒன்றுக்கொன்று உயரம் பொருந்தாமல் நின்றன. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு தன் தாயாரிடம் கையை நீட்டி, "அம்மா, பொட்டு" என்றாள்.